முதல் அனிமேஷன் சாஃப்ட்வேர்: கிரிட்டாவா, பிளெண்டரா, ஓபன்டூன்ஸா?

அனிமேஷன் கற்கவேண்டும் என்று கிளம்புகிறவர்களின் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். நான்கைந்து சாஃப்ட்வேர் இறக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றையும் ஒரு முறை திறந்து, பொத்தான்களைப் பார்த்து மிரண்டு, மூடியிருப்பார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டாலும் நகர்கிற படம் ஒன்றுகூட இருக்காது. நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். எனக்கு ஆன செலவு ஏறக்குறைய ஒரு வருடம்.

“எது சிறந்தது?” என்று தேடியதுதான் அன்று செய்த தப்பு. சிறந்தது என்று பட்டியல் போடுகிறவர்கள் ஒரு சாஃப்ட்வேரால் என்னவெல்லாம் செய்யமுடியும் என்றுதான் எழுதுகிறார்கள். அது நம் கையை எந்த வேலைக்குப் பழக்கும் என்று யாரும் எழுதுவதில்லை. ஆகவே இங்கே ஒரு துள்ளும் பந்தை எடுத்துக்கொள்கிறேன். அனிமேஷன் வகுப்புகளில் முதல் பாடமாக வருவது அதுதான். அதே பந்தை வெவ்வேறு இடங்களில் துள்ளவைத்தால் எது யாருக்கு ஒத்துவரும் என்பது தெரிந்துவிடும்.

அதற்கு முன் ஒரு கணக்கு. சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது அடுத்தடுத்து ஓடும் 24 அசையாப் படங்கள். கையால் வரைகிறவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்திவைப்பார்கள். அதை ‘ஆன் டூஸ்’ என்பார்கள். அப்போது விநாடிக்கு 12 படம். பத்து விநாடிக்கு 120. ஒரு பாத்திரத்துக்குத்தான் இந்தக் கணக்கு; பின்னால் ஒருவர் நடந்துபோனால் அவருக்குத் தனியாக. இந்த 120 படத்தையும் நீங்களே வரையப்போகிறீர்களா, நான்கைந்தை மட்டும் கொடுத்துவிட்டு இடையில் உள்ளதைக் கம்ப்யூட்டரிடம் விடப்போகிறீர்களா? சாஃப்ட்வேர் பெயரெல்லாம் இந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

கையால் வரைகிற வழி

கிரிட்டா ஓவியர்களுக்கான இலவச சாஃப்ட்வேர். 2016-ல் வந்த 3.0 பதிப்பிலிருந்து அதில் அனிமேஷன் வசதியும் உண்டு. திறந்ததும் ஒர்க்ஸ்பேஸ் பட்டியலில் அனிமேஷனைத் தேர்ந்தெடுத்தால் கீழே ஃபிரேம்கள் கட்டம் கட்டமாக நிற்கும் டைம்லைன் வரும். லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற தாள். பின்னணிக்கு ஒரு லேயர், பந்துக்கு ஒரு லேயர். பந்து லேயரின் முதல் கட்டத்தில் வலது க்ளிக் செய்து புது ஃபிரேம் உண்டாக்கி, மேலே ஒரு வட்டம் போடுங்கள். எட்டு ஃபிரேம் தள்ளி இன்னொரு ஃபிரேம்; அங்கே தரையில் ஒரு வட்டம். அந்த லேயரில் ஒரு பல்பு சின்னம் தெரியும். அதை எரியவிட்டால் முன்னும் பின்னும் உள்ள படங்கள் மங்கலாகத் தெரியும். இதுதான் ஆனியன் ஸ்கின். பல்பை எரியவிட்ட பிறகும் ஒன்றும் தெரியவில்லை என்றால், அநேகமாக வெள்ளை நிரப்பிய பின்னணி லேயரிலேயே வரைந்துகொண்டிருப்பீர்கள். லேயர் கண்ணாடிபோல் வெறுமையாக இருந்தால்தான் அடுத்த படம் ஊடே தெரியும். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் முட்டிக்கொள்கிற இடம் இது.

இப்போது இடைப்பட்ட படங்கள். மேலிருந்து தரைவரை உள்ள உயரத்தைப் பதினாறு பங்காக மனதில் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் படத்தில் பந்து உச்சியில். அடுத்தது ஒரு பங்கு கீழே. அதற்கடுத்தது நான்காவது பங்கில், பிறகு ஒன்பதில், பிறகு பதினாறில், அதாவது தரையில். இடைவெளிகள் 1, 3, 5, 7 என்று கூடிக்கொண்டே போகின்றன. கீழே விழும் பொருள் சம நேர இடைவெளிகளில் கடக்கும் தூரம் ஒற்றைப்படை எண்களாக வளரும் என்று கலிலியோ கண்டது இதைத்தான். ஓட்டிப் பாருங்கள், பந்துக்கு எடை வந்திருக்கும். அதே பதினாறு பங்கைச் சமமாக நான்கு நான்காகப் பிரித்து ஒரு முறை வரைந்து ஓட்டுங்கள். கயிற்றில் கட்டி யாரோ இறக்குவதுபோல் இருக்கும்.

இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்த நிமிடத்தில்தான் எனக்கு அனிமேஷன் என்றால் என்ன என்பது புரிந்தது. வரைவது அதில் ஒரு பங்குதான். எங்கே நெருக்கிவைப்பது, எங்கே தள்ளிவைப்பது என்பதில்தான் உயிர் இருக்கிறது. ‘ஸ்பேசிங்’ என்று இதற்குப் பெயர். கையால் வரைகிற சாஃப்ட்வேரில் இதை யாரும் உங்களுக்காகச் செய்துதருவதில்லை. அதனாலேயே சீக்கிரம் படிகிறது.

குறைகளும் உண்டு. கிரிட்டா எல்லா ஃபிரேமையும் ரேமில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. 4கே அளவில் கேன்வாஸ் வைத்து நான்கு லேயர் போட்டால் சாதாரண கம்ப்யூட்டர் திணறிவிடும். பழகும்வரை 1280க்கு 720 போதும். நீளமான காட்சிகளுக்கும் அது ஏற்றதில்லை. பத்துப் பதினைந்து விநாடித் துண்டுகளாகச் செய்து, வெளியே எடிட்டிங்கில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

பென்சில்2டி இதைவிட எளிது. நாலு கருவி, ஒரு டைம்லைன், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் பழசாக இருந்தாலும் ஓடும். இரண்டு வாரத்தில் அதன் எல்லை தட்டுப்படும், ஆனால் அந்த இரண்டு வாரமும் வீண் போகாது. கிளிப் ஸ்டுடியோ பெயின்ட்டில் கோடு இழுக்கிற சுகம் தனி; காமிக்ஸ் வரைகிறவர்கள் ஏற்கெனவே அதை வைத்திருப்பார்கள். ஒன்றை மட்டும் கவனிக்கவும்: அதன் ப்ரோ பதிப்பில் 24 ஃபிரேமுக்கு மேல் போகமுடியாது. நீளமாகச் செய்ய இஎக்ஸ் பதிப்பு வேண்டும். தெரியாமல் வாங்கிவிட்டு, பந்து இரண்டாவது துள்ளலுக்குப் போகும்போது மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஓபன்டூன்ஸ் வேறு ரகம். டூன்ஸ் என்ற இத்தாலிய சாஃப்ட்வேரை ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோ 1990களிலிருந்தே பயன்படுத்தி, தன் தேவைக்கேற்ப மாற்றியும் வைத்திருந்தது. 2016 மார்ச்சில் ட்வாங்கோ நிறுவனம் அதைத் திறந்த மூலமாக வெளியிட்டது. பெயரைக் கேட்டதும் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் அது ஒரு ஸ்டுடியோவின் வேலைமுறைக்காக உருவானது. காகிதத்தில் வரைந்து ஸ்கேன் செய்து, வண்ணம் தீட்டி, எந்தப் படம் எந்த ஃபிரேமில் என்று காட்டும் எக்ஸ்ஷீட்டில் அடுக்கி, கேமரா ஓட்டத்தைச் சேர்ப்பது என்று படிகள் பிரிந்திருக்கும். ஒருவர் வரைவார், இன்னொருவர் வண்ணம் போடுவார் என்ற நினைப்பு ஒவ்வொரு மெனுவிலும் தெரியும். காட்சியைச் சேமிப்பது ஒன்று, அதற்குள் இருக்கும் படங்களைச் சேமிப்பது வேறொன்று. ‘சேவ் ஆல்’ கொடுக்கப் பழகாதவர் வரைந்ததை இழப்பார். இரண்டாவது சாஃப்ட்வேராக அருமையானது. அதிலிருந்து பிரிந்து வந்த தஹோமா2டி சற்றே இணக்கமாக இருக்கும். அந்தப் பக்கம் போக நினைத்தால் அதையே முதலில் பாருங்கள்.

பொம்மலாட்ட வழி

கை, கால், தலை என்று பாத்திரத்தைத் துண்டு துண்டாக வரைந்து, மூட்டுகளில் கோத்து, எலும்பு வைத்து ஆட்டுவது. கட்அவுட் என்றும் ரிக் என்றும் சொல்வார்கள். மோஹோ, டூன் பூம் ஹார்மனி, அடோபி அனிமேட், இலவசத்தில் சின்ஃபிக் எல்லாம் இந்த வேலைக்கானவை. ஓபன்டூன்ஸிலும் பிளாஸ்டிக் டூல் என்று ஒன்று உண்டு.

இங்கே பந்தைத் துள்ளவைப்பது அரை நிமிட வேலை. பொருள் எங்கே இருக்கவேண்டும் என்று நாம் குறித்துவைக்கும் ஃபிரேமுக்குக் கீஃபிரேம் என்று பெயர். மேலே ஒரு கீஃபிரேம், கீழே ஒரு கீஃபிரேம், நடுவில் உள்ளதை சாஃப்ட்வேர் நிரப்பிவிடும். அதுதான் இதன் பலம், அதுவேதான் இதன் ஆபத்தும். நிரப்பிக் கொடுத்ததை அப்படியே ஏற்றுக்கொள்கிற பழக்கம் வந்துவிடும். இணையத்தில் பார்த்திருப்பீர்கள்: பாத்திரங்கள் தண்ணீரில் மிதப்பதுபோல் கையை ஆட்டிப் பேசும். வரையத் தெரியாததால் அப்படி வருவதில்லை. இடைவெளியை யாரும் கவனிக்கவில்லை.

வாரம் ஒரு வீடியோ, அதே இரண்டு பாத்திரங்கள், நிறையப் பேச்சு: இதுதான் உங்கள் திட்டம் என்றால் வேறு வழியே பார்க்காதீர்கள், இதுதான். ஒரு முறை ரிக் செய்துவிட்டால் ஐம்பது காட்சிக்கு உதவும். முகம் பக்கவாட்டில் திரும்புகிற இடத்தில்தான் சிரமம். தட்டையான துண்டுகளால் தலையைத் திருப்ப, கண், மூக்கு, காது எல்லாவற்றையும் வெவ்வேறு அளவில் நகர்த்த வேண்டும். நான் முதலில் செய்த ரிக்கில் தலை திரும்பியதும் மூக்கு கன்னத்திலேயே நின்றுவிட்டது. இரண்டு நாள் போராடிவிட்டு, அந்தப் பாத்திரம் கதை முழுக்க நேராகவே பார்க்கும் என்று கதையை மாற்றிவிட்டேன்.

இந்தக் கூட்டத்தில் எதை எடுப்பது? சின்ஃபிக் இலவசம், ஆனால் பாடங்கள் குறைவு, இடைமுகம் பொறுமையைச் சோதிக்கும். மோஹோ ஒரே முறை பணம் கட்டி வாங்குவது. எலும்பு வேலைக்கு எனக்குப் பிடித்தது அதுதான். ஹார்மனி பெரிய 2டி ஸ்டுடியோக்களில் புழங்குவது. அங்கே வேலைக்குப் போகிற எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும். அடோபி அனிமேட் என்பது பழைய ஃப்ளாஷ்தான், 2016-ல் பெயர் மாறியது. ஃப்ளாஷ் பிளேயருக்கு 2020 டிசம்பர் 31-ஓடு ஆதரவு நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் ஃப்ளாஷ் கேம் செய்து பழகியவர்களுக்கு அதன்மேல் பாசம் இருக்கும்; புதிதாக வருகிறவர் அங்கே போகக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சந்தா பற்றி ஒரு வார்த்தை. முதல் ஆறு மாதம் மாதச் சந்தா எதையும் எடுக்காதீர்கள். பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. சந்தா ஓடிக்கொண்டிருந்தால் ‘இந்த மாதம் ஒன்றும் செய்யவில்லையே’ என்ற உறுத்தல் வரும், உறுத்தலில் உட்கார்ந்து செய்கிற வேலை தேறாது. நிறுத்திய பிறகு உங்கள் கோப்பை உங்களாலேயே திறக்கமுடியாது என்பது அடுத்த சங்கடம்.

பிளெண்டர்

பிளெண்டர் 3டி வேலைக்கான இலவச சாஃப்ட்வேர். இதைத் தனியாகத்தான் பேசவேண்டும். 2002-ல் இதை வைத்திருந்த நிறுவனம் மூடப்பட்டபோது, பயனர்கள் ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி மூலநிரலை மீட்டுப் பொதுவுடைமை ஆக்கினார்கள். 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் இதில்தான் உருவானது. ஆகவே இலவசம்தானே, ஏதாவது குறை இருக்கும் என்று தயங்க இடமில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அனிமேஷன் கற்கப்போகிறேன் என்று பிளெண்டரைத் திறப்பவர் முதலில் செய்வது டோனட். அந்தப் பாடம் அவ்வளவு பிரபலம், நல்ல பாடமும்கூட. டோனட்டுக்கு வடிவம், மேலே பாகு, பாகின்மேல் சர்க்கரைத் தூவல், வெளிச்சம், கேமரா. மூன்று வாரம் கழித்துக் கையில் அழகான ஒரு டோனட் படம் இருக்கும். அது நகராது. மாடலிங் (வடிவம் செய்வது), டெக்ஸ்ச்சரிங் (மேற்பரப்பு கொடுப்பது), லைட்டிங், ரெண்டரிங் (காட்சியைக் கம்ப்யூட்டர் கணக்கிட்டு இறுதிப் படமாக எடுப்பது) எல்லாம் தனித்தனிக் கலைகள். ஸ்டுடியோக்களில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆட்கள். நீங்கள் வந்தது நகர்த்துவதற்கு என்றால், மற்றதையெல்லாம் தாண்டிக் குதித்துவிடலாம் என்பதை யாரும் சொல்வதில்லை.

எப்படித் தாண்டுவது? உருண்டை ஒன்றை எடுத்துக்கொண்டு நேராகப் பந்துக்குப் போங்கள். முதல் ஃபிரேமில் ‘ஜி’ விசையால் உருண்டையை மேலே தூக்கிவைத்து, ‘ஐ’ விசையால் கீஃபிரேம். ஒன்பதாவது ஃபிரேமில் தரைக்கு இறக்கி இன்னொரு கீஃபிரேம். பதினேழில் மறுபடி மேலே. ஓட்டிப் பாருங்கள். பந்து விழாது; லிஃப்ட் மாதிரி இறங்கி, தரை நெருங்கியதும் மரியாதையாக வேகம் குறைந்து, நின்று, ஏறும். கீஃபிரேமுக்குக் கீஃபிரேம் இரண்டு பக்கமும் மெதுவாக்குவது பிளெண்டரின் இயல்பு. நகர்வைக் கோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்தால் அந்த வளைகோடு மலைச்சரிவுபோல் வழவழவென்று தெரியும். தரையில் உள்ள புள்ளியைத் தேர்ந்தெடுத்து, ‘வி’ விசையை அழுத்தி வெக்டர் என்று கொடுங்கள். வளைவு தரையில் கூர்மையான முனையாக மாறும். இப்போது ஓட்டினால் பந்து தரையில் அறைந்து எழும்.

கிரிட்டாவில் 1, 3, 5, 7 என்று கையால் வைத்ததும் இங்கே வளைகோட்டைச் செங்குத்தாக்கியதும் ஒரே விஷயம்தான். அங்கே செய்துவிட்டு வந்தவருக்கு கிராஃப் எடிட்டர் பார்த்த உடனே பிடிபடும். நேராக இங்கே வருகிறவருக்கு அது இதய நோயாளியின் ஈசிஜி மாதிரித்தான் தெரியும். அதனால்தான் 3டி-யில் குறியாக இருப்பவரைக்கூட இரண்டு வாரம் கிரிட்டாவிலோ பென்சில்2டியிலோ இருந்துவிட்டு வரச் சொல்கிறேன். வரையவே வராது என்பவர்களும் வட்டம் போடலாம்.

பந்துக்குப் பிறகு பாத்திரம். அதையும் நீங்கள் உருவாக்கவேண்டாம். பிளெண்டர் ஸ்டுடியோ ரெயின், ஸ்னோ என்ற பாத்திரங்களை ரிக்கோடு இலவசமாகக் கொடுக்கிறது. இறக்கித் திறந்தால் கட்டுப்பாட்டு வளையங்களோடு ஆள் நிற்பார், பிடித்து நகர்த்தவேண்டியதுதான். தலையைத் திருப்பினால் மூக்கும் கூடவே வரும்.

பிளெண்டரிலேயே கிரீஸ் பென்சில் என்று 2டி வரையும் வசதியும் இருக்கிறது. 3டி இடத்துக்குள் வரையலாம், வரைந்ததைக் கேமராவால் சுற்றிவரலாம். அபாரமான கருவி. ஆனால் முதல் வாரத்தில் தொட்டால் 2டி-யின் கஷ்டமும் 3டி-யின் குழப்பமும் சேர்ந்து வரும்.

பாடங்கள் பார்க்கும்போது தேதியைப் பாருங்கள். 2019 ஜூலையில் வந்த 2.80 பதிப்பில் இடைமுகமே மாறிவிட்டது. அதற்கு முன் வலது க்ளிக்கில்தான் பொருளைத் தேர்ந்தெடுக்கவேண்டும், இப்போது இடது. பழைய பாடத்தைப் பார்த்துக்கொண்டு புதுப் பதிப்பில் தேடுகிறவருக்கு, சொன்ன பொத்தான் சொன்ன இடத்தில் இருக்காது.

ரெண்டர் விஷயத்தில் என் தலையெழுத்தைச் சொல்லிவிடுகிறேன். பத்து விநாடி என்றால் 240 ஃபிரேம். ஃபிரேமுக்கு ஒரு நிமிடம் வைத்தால் நான்கு மணி நேரம். இரவு போட்டுவிட்டுத் தூங்கினேன். நேரடியாக வீடியோ கோப்பாகவே வெளியே எடுக்கச் சொல்லியிருந்தேன். நடுராத்திரி மின்சாரம் போனது. காலையில் திறக்காத ஒரு கோப்பு மட்டும் கிடந்தது. பி.என்.ஜி. படங்களாக ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியே எடுத்திருந்தால், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கலாம். படங்களைக் கோத்து வீடியோ ஆக்குவது சில நிமிட வேலை. பிளெண்டரில் உள்ள மெதுவான சைக்கிள்ஸ் ரெண்டரருக்குப் பதில் வேகமான ஈவீ ரெண்டரரைப் பயன்படுத்தினால் பல காட்சிகள் ஃபிரேமுக்குச் சில விநாடிகளில் முடியும். மேலே சொன்ன ஆஸ்கர் படமும் ஈவீயில் செய்ததுதான்.

ஸ்டுடியோக்களில் புழங்கும் 3டி சாஃப்ட்வேரான மாயா? வேலை தேடும் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். தகுதியுள்ள மாணவர்களுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கிற இலவச உரிமம் கிடைக்கிறது, கல்லூரியில் அதுதான் பாடம் என்றால் தயங்காமல் அதிலேயே பழகுங்கள். நகர்த்தும் கலை இரண்டிலும் ஒன்றுதான், விசைகள்தான் வேறு.

கையில் இருப்பதை வைத்து

வெறும் ஃபோன்தான் இருக்கிறது என்றால் ஃப்ளிப்பாக்ளிப். விரலால் வரையலாம், ஆனியன் ஸ்கின் உண்டு, இலவசப் பதிப்பில் வாட்டர்மார்க் விழும். பழகும் படத்தில் வாட்டர்மார்க் இருந்தால் என்ன? ஐபேட் இருந்தால் 2023-ல் வந்த ப்ரோக்ரியேட் ட்ரீம்ஸ். ஒரே முறை வாங்குவது. வேறு எந்தக் கருவியிலும் அது ஓடாது என்பதை மறக்கவேண்டாம்.

கம்ப்யூட்டரும் மவுஸும் மட்டும் என்றால் மவுஸால் 120 படம் வரையும் தண்டனையை உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்ளாதீர்கள். வட்டப் பந்தோடு கையால் வரைவதை நிறுத்திக்கொண்டு பொம்மலாட்டத்துக்கோ பிளெண்டருக்கோ போய்விடுங்கள். பிளெண்டருக்கு 8 ஜிபி ரேமும், நடுவில் சக்கரம் உள்ள மவுஸும் குறைந்தபட்சம் வேண்டும். லேப்டாப்பின் டச்பேடில் 3டி செய்வது கையுறை போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிற வேலை.

வரைகிறவர் என்றால் திரை இல்லாத சாதாரணப் பென் டேப்லெட் போதும். கை மேசையிலும் கண் திரையிலும் இருப்பதற்கு முதல் சில நாள் எரிச்சலாக இருக்கும். பிறகு மறந்துவிடும்.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்றால் கிரிட்டா, பிளெண்டர் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். மேலே சொன்ன பந்தை இரண்டிலும் செய்யுங்கள். பிறகு அந்தப் பந்துக்கு அணில் வால் மாதிரி ஒரு வால் வையுங்கள். பந்து முன்னால் போகும், வால் பின்னால் இழுபட்டு வரும், பந்து நின்ற பிறகும் வால் இரண்டு ஃபிரேம் ஆடி அடங்கும். கிரிட்டாவில் முந்தின படத்தின் மங்கலான வாலைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக வரைவீர்கள். அநேகமாக வால் நடுவில் குட்டையாகி மறுபடி நீளும். பிளெண்டரில் நான்கைந்து எலும்பைச் சங்கிலியாகக் கோத்து, முதல் எலும்பின் கீஃபிரேம்களை நகலெடுத்து அடுத்தடுத்த எலும்புக்கு இரண்டிரண்டு ஃபிரேம் தள்ளித் தள்ளி வைப்பீர்கள். நீளம் மாறாது, ஆனால் வால் கொஞ்சம் இயந்திரம்போல் ஆடும். இரண்டையும் சரிசெய்ய வேண்டியிருக்கும். எதைச் சரிசெய்ய உட்கார்ந்தபோது நேரம் போனது தெரியவில்லையோ, அதை வைத்துக்கொள்ளுங்கள்.